பைலட் ஏணி

முப்பத்தோரு வருடம் டர்பன் துறைமுகத்தில்
இழுவைப் படகு ஓட்டியவன் நான்.
பெரிய கப்பலின் விலாவில் மூக்கை வைத்து
முட்டித் தள்ளும் வேலை.
மூன்று மைதான நீளத்து இரும்பை
வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு
மத்தியானம் பாதி ரொட்டியைக் குடைந்து ஊற்றிய
பீன்ஸ் கறி சாப்பிடுவேன்.
அந்தக் கறிதான் உங்களை இங்கே படுக்க வைத்தது
என்கிறாள் நர்ஸ் சரோஷ்ணி.

மேசை குறுகல். அறை மீன் கிடங்குக் குளிர்.
வலது மணிக்கட்டில் ஓர் ஊசி,
பிறகு அந்தக் கை என்னுடையதில்லை.
முழித்திருக்கலாம் என்றார்கள்.
முழித்தே இருந்தேன்.

இடப்பக்கம் திரை.
சாம்பல் நிறத்தில் என் நெஞ்சு,
மழை விடியலில் ப்ளஃப் குன்று தெரிவதுபோல்.
அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று நுழைகிறது.
கம்பிக்கு முன்னால், அது இன்னும் போகாத இடத்தில்,
ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது.

"அது யாரு?"
"ஏஐ. வழி சொல்லும்" என்றார் டாக்டர் ஹ்லெங்கிவே.
"ஓட்டுமா?"
"சொல்லும். ஓட்டுறது நான்."

எனக்குத் தெரிந்த ஏற்பாடுதான்.
துறைமுக வாசலுக்கு வெளியே
கயிற்றேணி பிடித்து ஒரு பைலட் ஏறுவான்.
மணல்திட்டெல்லாம் அவனுக்கு அத்துப்படி,
அந்தக் கப்பலை முன்பின் பார்த்திருக்க மாட்டான்.
காப்டனுக்குக் கப்பல் தெரியும், மணல் தெரியாது.
இவன் சொல்வான், அவன் தலையாட்டுவான்.
தரை தட்டினால்
பதில் சொல்ல வேண்டியவன் காப்டன்.

"இந்தப் பைலட் எத்தனை கப்பல் பார்த்திருக்கு?"
"ஆயிரக்கணக்கான நெஞ்சு."
"என்னோடது?"
"இன்னிக்குத்தான்."
டாக்டரும் இன்றைக்குத்தான்.
யோசித்தால்
நானும் இன்றைக்குத்தான்.

தோளருகே கம்பி நின்றது.
அங்கே என் குழாய் ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறது,
பிறவியிலா, வயதிலா, தெரியாது.
பச்சைக் கோடு மஞ்சளானது.
பிறகு, இதை நான் எதிர்பார்க்கவில்லை,
அழிந்துவிட்டது.

தெரியாது என்று சொல்லத் தெரிந்த பைலட்டை
முப்பத்தோரு வருடத்தில்
இரண்டு பேரைத்தான் பார்த்தேன்.
ஹென்னிங், ஒரு ஜனவரி மழையில்
"இங்கேயே நில்லுங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை"
என்று வானொலியில் சொன்னவன்.
மற்றவன் கொஞ்சம் தாமதமாகச் சொன்னான்.

டாக்டரின் விரல்களும் நின்றன.
அறையில் ஓடிக்கொண்டிருந்தது
என் இதயம் ஒன்றுதான், பீப், பீப் என்று
யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல்.

"ஆழமா மூச்சு இழுங்க, பூபாலன்.
அப்படியே பிடிச்சுக்குங்க."

இழுத்தேன்.
விலா ஏறியது. உள்ளே ஏதோ கீழிறங்கியது.
எத்தனையோ கப்பலின் விலாவில்
படகின் மூக்கை அழுத்தி
அரை அடி, இன்னும் அரை அடி என்று காத்திருந்த
அதே கனம் நெஞ்சுக்குள்.
கப்பலும் நான்.
தள்ளுகிற படகும் நான்.
முறுக்கு ஒரு நூல் நிமிர்ந்திருக்க வேண்டும்,
கம்பி வழுக்கிப் போனது.

போன பிறகு பச்சைக் கோடு திரும்ப வந்து
முன்னால் ஓடியது
வெட்கமேயில்லாமல்.
எனக்கு அதன் மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

சாயங்காலம் வார்டு.
ஜன்னலுக்கு வெளியே, அம்ஷ்லாங்கா கடலில்
உள்ளே கூப்பிடுவார்களென்று
ஏழு கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன.
என் மணிக்கட்டில் காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை.
கையில் அறிக்கை:
டாக்டர் பெயர், மென்பொருளின் பதிப்பு எண்,
ஸ்டென்ட் எத்தனை மில்லிமீட்டர்,
நோயாளி: பூபாலன் மூன்சாமி, ஆண், 64.

"மூச்சைப் பிடிச்சவர் யாருன்னு
ஒரு கட்டம் இல்லையே?" என்றேன்.

சரோஷ்ணி எட்டிப் படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஊசிக்குழலைச் செருகிப்
பட்டையிலிருந்து ஒரு மில்லி காற்றை எடுத்தாள்,
ரத்தம் வருகிறதா என்று பார்த்தாள்,
அடுத்த மில்லிக்குக் கால் மணி நேரம் ஆகும் என்றாள்.